பதினேழுக்கு எதிரே இரண்டு கோடு

அந்தப் பையை நகர்த்தாதீர்கள் தம்பி. உள்ளே பதிவேடு இருக்கிறது. பழைய தாள், மடங்கினால் ஒடிந்துவிடும். மடியில் வைத்துக்கொள்கிறேன். உட்காருங்கள். ஜன்னல் மட்டும் எனக்கு.

எங்கே, விளாத்திகுளமா? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். நெடுங்கரிசல் விலக்கு. தெரியாதா? பரவாயில்லை, யாருக்கும் தெரியாது. ரோட்டோரம் ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்தால் ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஏசுவடியான் சார் என்றால் சுற்றுப்பட்டில் அன்றைக்கு அழுத பிள்ளை வாயை மூடும்.

சிரிக்காதீர்கள். உண்மையைச் சொல்கிறேன்.

இன்றைக்கு அங்கே விழா. புதிதாக ஒரு வகுப்பறை கட்டியிருக்கிறார்கள். அதில் என் போட்டோவை மாட்டப் போகிறார்களாம். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் போட்டோ. ஏற்பாடெல்லாம் என் மாணவி, சண்முகக்கனி. ஜட்ஜாக இருக்கிறாள். ஆமாம், கோர்ட்டில் உட்காருகிற ஜட்ஜ். வேறு ஜில்லாவில். அவளே போன் பண்ணிக் கூப்பிட்டாள். வேறு யாரையும் விட்டுக் கூப்பிடச் சொல்லவில்லை.

நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறது என்று என் மகன் சொல்வான். முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்திய வாய். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தூங்குங்கள். குறுக்கே மட்டும் பேசாதீர்கள்.

ஈராசிரியர் பள்ளி என்றால் தெரியுமா? ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். நான் ஹெட்மாஸ்டர். இன்னொரு டீச்சர் எஸ்தர். அந்த வருஷம் அவள் பிரசவ லீவில் போய்விட்டாள். மாற்றாள் அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. ஒரே அறை, நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான் ஒருத்தன். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப்போட வேண்டும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும், சத்துணவுக்கு அரிசி அளந்து போட வேண்டும், ஆபீசுக்குத் தபால் எழுத வேண்டும். நீங்கள் செய்வீர்களா? செய்து பாருங்கள்.

அதற்குத்தான் லீடர். நான் வெளியே போனால் லீடர் சாக்பீஸோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வாயைத் திறந்தவன் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். மறுபடி திறந்தால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. இன்னொரு தரம் என்றால் இன்னொரு குறி. நான் வந்ததும் குறிக்கு ஓர் அடி. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான் இது. நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் மற்ற இடத்தில் லீடர் தன் சேக்காளி பெயரை விட்டுவிடுவான், மாங்காய்ப் பிஞ்சு கொடுத்தவன் பெயரை அழித்துவிடுவான். என் பள்ளியில் அது கிடையாது. சண்முகக்கனி எழுதினால் எழுதினதுதான். கல்லில் வெட்டின மாதிரி.

காலையில் பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போதே விலக்கில் வந்து நிற்பாள். பத்து வயசுப் பிள்ளை. "பையக் குடுங்க சார்" என்று கையை நீட்டுவாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். ஒன்றரைக் கிலோமீட்டரும் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். தம்பி பின்னால் ஓடிவருவான். இரண்டாம் வகுப்பு. செண்பகராஜ். மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். வாய் சும்மா இருக்காது. வழியெல்லாம் "சார், இது என்ன குருவி? சார், அந்தக் கல்லு ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவான்.

வகுப்புக்குள் வந்தால் அக்கா தம்பி கிடையாது. அதை முதல் நாளே சொல்லிவிட்டேன். "உள்ள வந்துட்டா அக்கான்னு கூப்பிடக் கூடாது. லீடர். வெளங்குச்சா?" விளங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் ஏ.இ.ஓ., எங்கள் கல்வி அதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் தபாலைக் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நாற்பத்து மூன்று பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாத்தியார் இல்லை. ஒரு சத்தம் இல்லை. மனிதர் பயந்துபோனாராம். "உயிரோட இருக்கீங்களாடே?" என்று கேட்டாராம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பெயர் எழுதிவிடுவாளே. பார்வையாளர் புத்தகத்தில் மூன்று வரி எழுதினார். இத்தகைய ஒழுங்கை என் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று. நகல் வீட்டில் இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? ஒருத்தன் போலீஸ். ஒருத்தி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். இரண்டு பேர் பட்டாளம். ஒருத்தன் திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். நான் அவர்களுக்குக் கணக்கு மட்டுமா சொல்லிக்கொடுத்தேன்? அடங்கி இருக்கச் சொல்லிக்கொடுத்தேன். அது இருந்தால் மற்றதெல்லாம் வரும்.

மணி என்ன? பதினொன்றா. இந்த டிரைவர் ஏன் உருட்டுகிறான்?

போன் பண்ணினாள் என்றேனே. எடுத்ததும், "சார், நல்லா இருக்கீங்களா?" அப்புறம், "அந்த வருஷத்து அட்டெண்டன்ஸ் உங்ககிட்ட இருக்கா சார்?"

இருக்கிறது என்றேன். ரிட்டையர் ஆகும்போது பழையதையெல்லாம் எரிக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வருஷத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னமோ, எரிக்க மனசு வரவில்லை.

"கொண்டு வாங்க சார். அந்த நாப்பத்து மூணு பேரையும் வரச்சொல்லியிருக்கேன். பழைய ரூம்லயே தரையில உக்காருவோம். நீங்க பேர் கூப்பிடணும். நாங்க உள்ளேன் ஐயா சொல்லணும்."

ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாற்பத்து மூன்று என்றாள். நாற்பத்து இரண்டு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நானும் திருத்தவில்லை.

என்ன, புரியவில்லையா? அந்தப் பையன் இல்லை. செண்பகராஜ். அந்த வருஷமே போய்விட்டான். பாம்பு கடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைமரப் புதர் பக்கம் போயிருக்கிறான். நல்ல பாம்பு. மதியம் வகுப்புக்கே வரவில்லை. நான் தேடிப்போய்ப் பார்த்தபோது புதரடியில் கிடந்தான். தோளில் போட்டுக்கொண்டு விலக்கு வரைக்கும் ஓடினேன். ஒன்றரைக் கிலோமீட்டர். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. ஊரே பார்த்தது. லாரியை மறித்து ஏற்றினேன். பாதி வழியில் முடிந்துவிட்டது. அந்தக் குடியரசு தினத்துக்கு ஊர்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். அப்படி ஓடினதற்கு.

அவன் அம்மா ஆவுடைத்தாய், பாவம், புத்தி கலங்கினவள் மாதிரி ஆகிவிட்டாள். எல்லார் முன்னாலும் சண்முகக்கனியைப் போட்டு அடித்தாள். "சோத்து நேரத்துல தம்பியப் பாத்துக்கோன்னு சொன்னேனே, புதர்ப் பக்கம் விட்டுட்டு எங்கடி போன, மூதேவி?" விறகுக்கட்டையால் அடித்தாள். நான்தான் பிடித்து விலக்கினேன். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கினாள். அப்புறமும் ரொம்ப நாள் அம்மாக்காரி அவளிடம் பேசவில்லை என்று கேள்வி. பேசினாலும் 'தம்பியத் தின்னவளே' என்றுதான் கூப்பிடுவாளாம். அந்த வீட்டில் இருந்துகொண்டு படித்து ஜட்ஜ் ஆகியிருக்கிறாள் என்றால் பாருங்கள். என் பயிற்சி.

அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லையா? என்னத்தைச் சொல்ல?

நீங்கள் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை. பரவாயில்லை, விடுங்கள்.

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

தம்பி, நீங்கள் விளாத்திகுளத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் வீடு உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். குறுக்கே பேசக்கூடாது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆசிரியர் சங்கத்துக்குத் தேர்தல். நான் போகாவிட்டால் எதிர் அணி ஜெயித்துவிடும். ஒரே ஓட்டில் ஜெயித்தோம் என்றால் நம்புவீர்களா? பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் கிளம்பிவிட்டேன். லீவு போட்டுப் போயிருக்கலாம் என்பீர்கள். லீவு போட்டால் பள்ளியை மூட வேண்டும். மூடினால் ஆயிரம் கேள்வி. காலையிலேயே இரண்டு வேளைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் பதிவேட்டிலும் இரண்டு வேளைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அது என் வழக்கம். காலையில் வந்த பிள்ளை மதியம் எங்கே போய்விடப் போகிறது? காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாய்கோடு. ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று பெருக்கல் குறி. இரண்டு நிமிஷ வேலை.

சண்முகக்கனியிடம் சாக்பீஸைக் கொடுத்தேன். "நான் வர்ற வரைக்கும் ஒரு சத்தம் கேக்கக் கூடாது." "சரி சார்."

திரும்பி வரும்போது மூன்றே முக்கால். பஸ் லேட். வாசலில் நின்று பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. பலகையில் ஒரே ஒரு பெயர். செண்பகராஜ். எதிரே வரிசையாகப் பெருக்கல் குறி. தன் தம்பியென்று பார்க்கவில்லை, கவனித்தீர்களா?

"என்னடி, அவன் மட்டுமா?"

அவள் ஒப்பித்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. "மொதல்ல ஆன்னு கத்துனான் சார், பேர் எழுதினேன். காலப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல பேசுனான், ஒண்ணு. எந்திரிச்சு நின்னான், ரெண்டு. அக்கான்னு கூப்பிட்டான், மூணு. மறுபடி கூப்பிட்டான், நாலு. அதுக்கப்பறம் பேசல சார். தூங்கிட்டான். தூங்குனதுக்கு அஞ்சு."

நான் பிரம்பை எடுத்தேன். எடுத்தேன், அவ்வளவுதான். அடிக்கவில்லை. "எந்திரிலே" என்றேன். சுவரில் தலையைச் சாய்த்திருந்தான். அந்தச் சுவரோரம் ஒரு பொந்து. இரண்டு மாசமாகவே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், "சார், பொந்து இருக்கு சார்" என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். எலிப்பொந்து என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

கணுக்காலில் இரண்டு புள்ளி. அவ்வளவு சின்னக் கால்.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொன்னால் பையன் வந்துவிடுவானா? என் வேலை போகும். மூன்று பெண் பிள்ளைகள் எனக்கு. பள்ளிக்கூடத்தையும் மூடுவார்கள். மற்ற நாற்பத்து இரண்டு பேரும் ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான். இன்றைக்கு ஜட்ஜ் ஏது, நர்ஸ் ஏது?

பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். "செண்பகராஜ் மதியம் வகுப்புக்கு வரல. சோத்து நேரத்துல புதருக்குப் போயிட்டான். வெளங்குச்சா?" ஒருத்தரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்குத்தானே பழகியிருந்தார்கள். லீடரைக் கேட்டேன். "பலகையில என்ன எழுதியிருந்த?" அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் எழுதல சார்."

பத்து வயசு. அந்தப் புத்தி யாருக்கு வரும்?

நான் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "பலகைக்குக் கரி பூசிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கரியும் கோவை இலையும் அரைத்துப் பலகைக்குப் பூசுவது எப்போதும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குச் செவ்வாய். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அழிப்பானால் துடைத்தால் தடம் தெரியும். கரி பூசினால் தெரியாது.

ஏ.இ.ஓ. விசாரணைக்கு வந்தார். பையன் மதியம் வரவில்லை, நான் பள்ளியில் இருந்தேன் என்று எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்தை மட்டும் பார்த்தார். பிள்ளைகள் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "ஒழுங்கான ஆளு நீங்க, உங்களுக்கா இப்படி?" என்று முதுகில் தட்டிக்கொடுத்துப் போனார். பொந்தை மறுநாளே சொந்தச் செலவில் சிமெண்டு வைத்து அடைத்தேன்.

அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

நீங்கள் ஏன் தள்ளி உட்காருகிறீர்கள்? இடம் இருக்கிறது.

போனில் இன்னொன்றும் கேட்டாள். "சார், அந்தப் பழைய பலகை ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சு. எடுத்துத் தொடச்சு வச்சிருக்கேன். நாம ஒரு தடவை செவ்வாய்க்கிழமை கரி பூசுனோமே, ஞாபகம் இருக்கா சார்?" சிரித்த மாதிரிதான் கேட்டாள். பழைய ஞாபகம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரிய இடத்துக்குப் போனாலும் மறக்கவில்லை பாருங்கள்.

வைக்கும்போது சொன்னாள். "பேர் கூப்பிடும்போது பதினேழ விட்டுராதீங்க சார்."

பதினேழு அந்தப் பையன். ஐந்து வகுப்புக்கும் ஒரே பதிவேடு, தொடர்ச்சியாக எண். "பதினேழுக்கு யாரும்மா உள்ளேன் ஐயா சொல்றது?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா வர்றாங்க சார்."

எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஆவுடைத்தாய்க்கு. அவளை எதற்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும்? செத்த தம்பிக்கு மரியாதை செய்கிறாளாக்கும். நல்ல எண்ணம்தான். எல்லாரும் கண்கலங்குவார்கள். பதினேழு வந்ததும் நான் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்? நன்றாக இருக்கும்.

 

கொஞ்சம் பிடியுங்கள். ஒரு தரம் பெயர்களைப் பார்த்துக்கொள்கிறேன், மேடையில் தடுமாறக் கூடாது. இதோ. நாடா இற்றுப்போயிருக்கிறது. என் கையெழுத்து எப்படி? அச்சு மாதிரி. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அந்த மாசத்துப் பக்கம் இது. ஒன்று, இரண்டு... பதினைந்து, பதினாறு. பதினேழு. செ. செண்பகராஜ்.

இதுதான் செவ்வாய்க்கிழமைக் கட்டம். இதற்கு அப்புறம் வெறும் கட்டம்.

ஆமாம், பெருக்கல் குறிதான். இரண்டு கோடும் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். காலையிலேயே போட்டுவிடுவேன் என்று சொன்னேனே. காலைக்கு ஒன்று. மதியத்துக்கு ஒன்று.

மதியத்துக்கு ஒன்று.

பையன் மதியம் வரவில்லை என்றுதானே நான் எழுதிக்கொடுத்தேன். அது ஆபீஸில் எங்கேயோ இருக்கும். இருக்குமா? முப்பத்தோரு வருஷத்துக் காகிதம். கறையான் தின்றிருக்கும். அவள் தேடியிருப்பாளா? ஜட்ஜ் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களா?

பேசாதீர்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

நான் இதைக் கொண்டு வரவில்லை என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். வயசாகிவிட்டது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பி, இந்தப் பையை நீங்கள் விளாத்திகுளம் வரை கொண்டுபோங்கள். அங்கே எந்தக் கடையிலாவது கொடுத்து வையுங்கள். வேண்டாமா? எங்கேயாவது போட்டுவிடுங்கள். ஓடையில் போடுங்கள். பழைய தாள்தானே.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? உங்களுக்கு என்ன கஷ்டம்?

கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். இதற்குள்ளா? அந்த வேப்பமரம்தான். டீக்கடைக்கு ஓடு மாற்றியிருக்கிறார்கள்.

பாருங்கள், எவ்வளவு பேர். ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மீசைக்காரன் போலீஸ். சேலைக்காரி அந்த நர்ஸாகத்தான் இருக்கும். நடுவில் நாற்காலி போட்டு ஒரு கிழவியை உட்காரவைத்திருக்கிறார்கள். விழா பள்ளிக்கூடத்தில்தானே. இங்கே எதற்கு நாற்காலி?

மாலையைக் காணோம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை ஆளுக்கு ஒரு சத்தம் இல்லை.

நான் விளாத்திகுளத்திலேயே இறங்கிக்கொள்கிறேன் தம்பி. கண்டக்டரிடம் சொல்லுங்கள். டிக்கெட் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். சொல்லுங்கள் தம்பி.

அவள் படியில் ஏறிவிட்டாள். இதோ வருகிறாள். கையை நீட்டுகிறாள் பாருங்கள், அதே மாதிரி.

"பையக் குடுங்க சார்."

வேண்டாம் அம்மா, நானே கொண்டு வருகிறேன். வேண்டாம்.

விடமாட்டாள் தம்பி. அந்தக் காலத்திலேயே விடமாட்டாள்.